வெயிலில் உட்கார்ந்திருக்கும் கடல்கன்னி

நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது அம்மா. நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்கு வருகிறாய், ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி உச்சிவெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். டாக்டர் சொன்னாரா என்றாய். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வைட்டமின் என்று எதையோ சொல்கிறார்களே, அதற்காக என்று சொல்லியிருந்தால் நீயும் துணியைப் போட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பாய். ஆனால் நீ இரண்டாவது மாடிக்குப் புதிதாக வந்தவள். உனக்கு என்னையும் தெரியாது, அஞ்சலையையும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரிடமும் இதை என்னால் சொல்ல முடியவில்லை.

நீ அந்தத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார். என்னைக் கூப்பிடாதே. நான் நிழலுக்கு வரக்கூடாது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. ஒன்றைச் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். போன மாதம் அப்படித்தான் ஒரு கதை சொன்னேன், அதில் ஒரு பச்சைப் புடவை விட்டுப்போய்விட்டது. அது என்னை ரொம்ப உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் முகத்தை எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கும். பார்த்திருப்பாய். சினிமாவில் கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அட்சதை போடுகிறவள், ஏர்போர்ட்டில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிறவள், பணக்கார வீட்டில் கேக் வெட்டும்போது கை தட்டுகிறவள். துணை நடிகை. எங்கள் தொழிலில் இரண்டு வரிசை உண்டு அம்மா. ரிச் என்று ஒன்று, கிரவுட் என்று ஒன்று. வேனில் ஏற்றும்போதே ஏஜென்ட் முகத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவார். எனக்கு என் அம்மாவின் நிறம். வேறு படிப்பு இல்லை, வேறு திறமை இல்லை, அந்த நிறம்தான் என்னை முப்பது வருஷம் ரிச் வரிசையில் வைத்திருந்தது. குடை இல்லாமல் நான் தெருவில் இறங்கியதே இல்லை.

அஞ்சலை கிரவுட். தண்ணீர் லாரியில் சண்டை போடுவாள், ரேஷன் கடையில் நிற்பாள், குடிசை தீப்பிடித்தால் ஓடுவாள், இழவு வீட்டில் அழுவாள். நானும் அவளும் ஒரே வருஷம் தொழிலுக்கு வந்தோம். ஒரே தெருவில் குடியிருந்தோம், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான். நல்ல முகம் அவளுக்கு. பெரிய கண், சிரித்தால் பல் வரிசை அத்தனை அழகு. ஆனால் கறுப்பு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நீயெல்லாம் மாநிறம்தான், உனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் நல்ல கறுப்பு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரே ஒரு ஷாட்டில் முழு முகம் தெரிய வேண்டும். அவள் நடித்த படம் வந்தால் நாங்கள் சேர்ந்து போவோம். அவள் இருட்டில் என் தொடையைக் கிள்ளி, "அதோ என் முழங்கை" என்பாள். "அந்த நீலக் குடம் என்னுதுடி" என்பாள். குடத்துக்குப் பின்னால் முகம் இருக்காது. மகனுக்குக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருநாள் கேட்டாளாம், அத்தை, நீங்க நெஜமாவே சினிமாவுக்குத்தான் போறீங்களா என்று. அதை அஞ்சலை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பல தடவை சொன்னாள்.

எனக்கோ ரெண்டு வருஷமாக அழைப்பே இல்லை. கிரவுடுக்கு வயதே கிடையாது அம்மா, கிழவியானால் இழவு வீட்டில் முன்னால் உட்கார வைப்பார்கள். ரிச்சுக்கு வயதாகக் கூடாது. அப்படி இருக்கும்போதுதான் ஏஜென்ட் பூபதி போன் பண்ணினான். சுலோக்கா, கடல்கன்னி வேஷம், வர்றியா என்றான். என் முழங்கால் வலிக்கு நான் கடல்கன்னியா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இது டாக்குமெண்டரி என்றான். நம் கடலில் நிஜமாகவே கடல்கன்னி இருந்தால் எப்படி இருப்பாள், எதைச் சாப்பிடுவாள், யாரிடம் பேசுவாள் என்று, உண்மையில் இருக்கிற ஆட்களைப் படம் எடுக்கிறமாதிரியே எடுக்கப் போகிறார்களாம்.

"வயசானவங்க வேணுமாம், குண்டா வேணுமாம், கறுப்பா வேணுமாம். எல்லா மாதிரியும் வேணும்ங்குது அந்த டைரக்டர் பொண்ணு."

கறுப்பு என்றால் அஞ்சலையைக் கூப்பிடேன் என்று நான் சொன்னேன். சொன்னேன் அம்மா, சாமி சத்தியமாக. ஒரு தடவை சொன்னேன்.

"அஞ்சலை கிரவுடுக்கா. இதுல குளோசப் இருக்குது. கறுப்புக்கு நம்ம மேக்கப்மேன் பரந்தாமண்ணன் இருக்காரு, பாத்துக்கலாம்."

பூபதியைத் தப்புச் சொல்லாதே. அவன் தொழில் கற்றுக்கொண்ட விதம் அப்படி. கதையில் கறுப்பான பெண் என்று வந்தால் சிவப்பான பெண்ணைக் கூட்டிவந்து பூசுவார்கள். டல் மேக்கப் என்று அதற்குப் பெயர். பெரிய பெரிய கதாநாயகிகளுக்கே அதுதான். கறுப்பு கேட்கிற டைரக்டருக்குக் கறுப்பான ஆளையே அனுப்பிவைத்தால் அது மரியாதைக் குறைவு என்று அவன் நினைத்தான். ரிச் வரிசையில் நல்ல ஆளாகப் பார்த்து, நிறத்தைப் பூசி அனுப்புவதுதான் அவனைப் பொறுத்தவரை முறை.

படப்பிடிப்பு மகாபலிபுரம் போகிற வழியில் ஒரு கடற்கரையில். வேனை ஒரு டீக்கடையோரம் நிறுத்தி, அங்கேயே பூச்சை முடித்துவிடலாம் என்றான் பூபதி. ஷூட்டிங் இடத்தில் பூசினால் அந்த டைரக்டர் பெண் ஏதாவது பேசும் என்றான். மேக்கப்மேன் பரந்தாமண்ணன் வேன் படியில் உட்கார்ந்து எனக்குக் கலவை கலந்தார். அதே வேனில் கடைசி சீட்டில் அஞ்சலையும் இருந்தாள். மீனவக் கூட்டத்துக்கு அவளைப் போட்டிருந்தான். பரந்தாமண்ணனுக்கு நிறம் சரியாக வரவில்லை. ஒரு தடவை செங்கல் மாதிரி வந்தது, ஒரு தடவை சாம்பல் மாதிரி வந்தது. கடைசியில் அஞ்சலையைக் கூப்பிட்டு, கையை நீட்டும்மா என்றார். அவள் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தார்.

"இன்னாடி சுலோ, முப்பது வருசமா கூடவே சுத்தின, இப்பத்தான் என் கலருக்கு வந்து சேந்த" என்றாள் அஞ்சலை. வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னொரு கையால் எனக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். பூசி முடித்ததும் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"காதுக்குப் பின்னாடி உட்டுட்டீங்கண்ணே. தேங்காப் பத்தை மாதிரி தெரியுது."

டைரக்டர் நிரஞ்சனா என்று ஒரு சின்னப் பெண். வெள்ளை ஜிப்பா, குட்டை முடி. என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களைத்தான் இத்தனை மாசமாத் தேடிட்டிருந்தேன்மா என்றாள். என் கையைப் பிடித்திருக்கிறாளே, பூச்சு வந்துவிடுமோ என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பரந்தாமண்ணன் கைவேலை அப்படி. நிரஞ்சனா மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் சொன்னாள். உலகம் முழுக்கக் கடல்கன்னி என்றால் வெள்ளையாக, மஞ்சள் முடியோடு, ஒல்லியாகத்தான் காட்டுகிறார்களாம். நம் கடலில் நம் பெண்கள்தானே இருப்பார்கள் என்றாள். தழும்பு இருக்கட்டும், தொப்பை இருக்கட்டும், நரை இருக்கட்டும், இந்தப் படத்தில் யாரும் பின்னால் நிற்கப்போவதில்லை என்றாள். எல்லோரும் கை தட்டினோம். அதே நேரம் அந்தப் பக்கம் ஒரு உதவி டைரக்டர் மீனவக் கூட்டத்திடம், கடலைப் பாத்து நில்லுங்க, முதுகு மட்டும் போதும், ஒருத்தரும் திரும்பாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். அஞ்சலை தலையில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

எங்களுக்கு ரப்பரில் வால். போட்டுவிட்டால் நடக்க முடியாது, ரெண்டு ஆள் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் வைப்பார்கள். பாறைமேல் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பூசினவர்கள்தான். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளவே இல்லை.

எழுதிக்கொடுத்த வசனம் கிடையாது. நிரஞ்சனா கேள்வி கேட்பாள், நாங்கள் கடல்கன்னியாகவே பதில் சொல்லவேண்டும், ஆனால் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்லவேண்டும். என் முறை வந்தது. கேமரா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"உங்களை முதல்முதலா பின்னால போகச் சொன்னது யாரும்மா?"

யார் சொன்னார்கள்? என்னை யாரும் சொன்னதில்லையே. முன்னால் வா, இன்னும் முன்னால் வா என்றுதான் முப்பது வருஷமும் சொன்னார்கள். எல்லோரும் காத்திருக்கிறார்கள். வால் இறுக்குகிறது. ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவ்வளவுதான், இறக்கிவிடுவார்கள். வாயைத் திறந்தேன். அஞ்சலைக்கு நடந்தது வந்துவிட்டது.

அது பழைய விஷயம். ஒரு கல்யாணக் காட்சி. முதல் வரிசையில் ஆள் குறைகிறது என்று அவசரத்தில் அஞ்சலையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அவள் தன் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். பச்சைப் பட்டு, அரக்குக் கரை. கேமராமேன் பார்த்துவிட்டு, அந்த இடம் இருட்டா இருக்கே என்றார். லைட்டை மாற்றிப் போட்டார்கள். இன்னும் இருட்டா இருக்கு என்றார். அவளை ஒரு வரிசை பின்னால் போகச் சொன்னார்கள். பிறகு இன்னொரு வரிசை. கறுப்பு என்ற வார்த்தையை ஒருத்தரும் சொல்லவில்லை. இருட்டு என்றுதான் சொன்னார்கள். கடைசியில் அவள் சாப்பாட்டுக் கூடத்தில் வாழையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், அந்தப் பட்டுப்புடவையோடு, படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொல்கிறவரை. முதல் வரிசையில் அவள் நின்ற இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாராவது நிற்கத்தானே வேண்டும்.

அதைத்தான் நான் கடலுக்கு மாற்றிச் சொன்னேன். கப்பல் வரும்போது நாங்கள் எல்லோரும் பாறைமேல் வரிசையாக உட்காருவோம், கப்பல்காரன் தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்து அந்த இடம் இருட்டா இருக்கு என்பான், என்னை ஒவ்வொரு பாறையாகப் பின்னால் தள்ளினார்கள், கடைசியில் பாசி பிடித்த பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கப்பல் போகிற சத்தத்தை மட்டும் கேட்டேன், என்று. நன்றாக இருக்கிறது இல்லையா? எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. புடவை மட்டும் விட்டுப்போய்விட்டது. கடல்கன்னிக்கு ஏது புடவை என்று நினைத்தேனோ என்னவோ.

என் பேச்சு ஸ்பீக்கரில் கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. கரையில் அத்தனை முதுகில் ஒரே ஒரு முதுகு திரும்பியது. கூடையோடு.

நிரஞ்சனா அழுதுவிட்டாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வெயிலில் எனக்கு வேர்த்திருந்தது. விலகிப் பார்த்தால் அவள் வெள்ளை ஜிப்பா தோளில் பழுப்பாக ஒரு தீற்று. அவளும் பார்த்தாள். இதென்ன என்று விரலால் தொட்டாள். அப்போது அஞ்சலை கூட்டத்திலிருந்து வந்து, என்னைப் பார்க்காமல், அவளிடம் சொன்னாள்.

"கருவாட்டுக் கூடைம்மா. நான்தான் இப்ப ஒரசிக்கினு போனேன். மன்னிச்சிக்கோங்க."

முதுகு மட்டும் போதும் என்று சொல்லியும் ஏன் வந்தீர்கள் என்று உதவி டைரக்டர் அவளைத் திட்டினான். அவள் திரும்பிப் போய் நின்றாள்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்க எனக்குப் பயம். திருவான்மியூர் சிக்னலில் வண்டி நின்றபோது மெதுவாகச் சொன்னாள்.

"நல்லாத்தான் சொன்ன சுலோ. நான்னா அழுதிருப்பேன். அந்தப் பச்சைப் புடவையத்தான் உட்டுட்ட."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தியின் கதையைச் சொல்கிறோமே, முழுசாகச் சொல்ல வேண்டாமா? அந்தப் புடவையை விடலாமா? இதையே நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

பிறகு ஒருநாள் காலையில் நிரஞ்சனா போன் பண்ணினாள். அடுப்பில் பால் வைத்திருந்தேன். படமே உங்கள் மேல்தான் நிற்கிறது, அடுத்த மாதம் உங்களை மட்டும் வைத்துத் திரும்பவும் எடுக்கப்போகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து அவள் சொன்னதுதான்.

"மேக்கப் வேண்டாம்மா. பவுடர்கூட வேண்டாம். உங்க தோல் எப்படி இருக்கோ அப்படியே ரொம்பப் பக்கத்துல வெச்சு எடுக்கணும்."

என் வெளுத்த கையைப் பார்த்தேன். அவள் விடவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும் என்றாள். அஞ்சலை என்று ஒருவர் ஆபீஸுக்கு வந்தாராம். எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா, முகம் தெரிகிறமாதிரி, என்று கேட்டாராம். உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று இவள் கேட்டதற்கு, கல்யாண மண்டபத்தில் நடந்தது என்று ஒன்றைச் சொன்னாராம். நீங்கள் சொன்னது மாதிரியே இருந்தது என்றாள். என் பெயரை அஞ்சலை எடுக்கவே இல்லையாம். பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள், சொல்லியிருந்தால் இவள் குரல் இப்படியா இருக்கும்?

"பச்சைப் புடவைன்னு என்னமோகூட சொன்னாங்க. எனக்குக் குழப்பமா இருக்கும்மா. அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

இங்கேதான் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. பால் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் துணி. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பதறத்தான் செய்வார்கள்.

"தெரியும் மேடம். நல்லவதான், பாவம். கூடவே இருந்து நான் சொல்றதைக் கேட்டுக் கேட்டு, அவளுக்கே நடந்த மாதிரி ஆயிப்போச்சு. அந்தப் பச்சைப் புடவை என்னோடது."

அடடா, எனக்கு மனசே சரியில்லாம இருந்தது, நல்லவேளை கேட்டேன் என்றாள். அந்தப் புடவை ரொம்ப முக்கியம்மா, அடுத்த தடவை கேமரா முன்னால் சொல்லும்போது அதை விட்டுவிடாதீர்கள் என்றாள். விடமாட்டேன் என்றேன். இனிமேல் அது விட்டுப்போகாது. அதுவரைக்கும் ஒரு நிம்மதி. அடுப்பெல்லாம் பால். துடைத்துக்கொண்டே அழுதேன், எதற்கென்று கேட்டால் தெரியாது.

அன்று மத்தியானம் மேலே ஏறி வந்தேன். பூபதிதான் வழி சொன்னான். வெயிலில் உட்காருக்கா, உண்மையான கறுப்பே வந்துடும், அப்புறம் யாரு என்ன கேக்கறது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வந்தாள். நான் வெயில் காய்வதைப் பூபதி உளறியிருக்கிறான். கையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய். என்னை இந்த நாற்காலியில் பார்த்துவிட்டு, உன் குடை எங்கடி போச்சு என்று சிரித்தாள். நீ உட்கார்ந்திருக்கிறாயே, அங்கே உட்கார்ந்தாள்.

"சும்மா வெயில்ல காஞ்சா தோல் உரிஞ்சி பீட்ரூட்டாட்டம் ஆயிடுவ. தடவிக்கினு உக்காரு."

அவளே எழுந்து வந்து என் முதுகில் தடவினாள். என் கை எட்டாது என்று அவளுக்குத் தெரியும். காதுக்குப் பின்னால் தடவினாள். தடவிக்கொண்டே சொன்னாள், அந்த டைரக்டர் பெண்ணைப் போய்ப் பார்த்தாளாம், நன்றாகப் பேசினதாம், காபி கொடுத்ததாம், கூப்பிடுகிறேன் என்று சொன்னதாம். மருமகளிடம் சொல்லிவிட்டாளாம். இன்னும் போன் வரவில்லையாம்.

"நீ சொன்னா அது கேக்கும். எனக்காக ஒரு வார்த்தை சொல்றியா சுலோ?"

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? என் கழுத்தில் அவள் கை இருந்தது.

இங்கே பார், ரவிக்கை ஓரத்தை விலக்கிக் காட்டுகிறேன். இதுதான் என் பழைய நிறம். இது இப்போது. நன்றாக ஏறியிருக்கிறது இல்லையா? அவள் கொடுத்த எண்ணெய்தான். நான் கெட்டவள் என்று நினைத்துவிடாதே. படம் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்து, டிக்கெட் நானே எடுத்து, காட்டத்தான் போகிறேன். அதுவரைக்கும்தான். கீழே வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அஞ்சலை வந்தால் சுலோக்கா ஷூட்டிங் போயிருக்காங்க என்று சொல்லிவிடச் சொல்லி. அவள் நம்பரையும் வராதபடி செய்து வாங்கிவிட்டேன், முக்கு மொபைல் கடையில். நீயும் யாராவது கேட்டால் என்னை மாடியில் பார்த்ததாகச் சொல்லாதே.

எழுந்துவிட்டாயா? போகும்போது கொடியில் நீ காயப்போட்ட அந்தப் போர்வையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டுப் போ அம்மா. அதன் நிழல் என்மேல் விழுகிறது.